நடவுக்குப் போனவள்

உளுந்தூர்பேட்டை பஸ் களமருதூரைத் தாண்டியதும், முன்சீட்டிலிருந்த இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "அவள கல்நெஞ்சக்காரின்னு எழுத மாட்டேன்டி" என்றாள். மறுநாள் தமிழ்ப் பரீட்சையாம். பேச்சு பாட நாவலின் நாயகியைப் பற்றியது.

"புருஷன பொதச்ச மறுநாளே நடவுக்குப் போனாளே. வேற இன்னான்னு எழுதுவ?"

"போவலன்னா அவ எடத்துல வேற ஆள சேத்துக்குவாங்க. அப்புறம் நடவு முடியற வரைக்கும் கூப்பிட மாட்டாங்க. எங்கப்பா செத்தப்ப எங்கம்மாவும் அப்படித்தான் போச்சி."

தோழி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அதுக்கில்லடி. கதையில அவ ஒரு எடத்துலகூட அழலியே?"

"நாத்து நடறவ குனிஞ்சிக்கினேதான இருப்பா. அவ மூஞ்சிய யாரு பாத்தாங்க?"