பஞ்சவர்ணத்தின் பாஸ்வேர்ட்

திங்கட்கிழமை காலையில் பாஸ்வேர்டை மறக்காத மனிதரை நான் இன்னும் பார்த்ததில்லை, மேடம். தசரா விடுமுறை முடிந்து வரும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊதுபத்திக் கம்பெனியில் பாதிப் பேர் என் மேஜைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். மேனேஜர் மனோஜ்குமார் மட்டும் எழுந்து வரமாட்டார். அறைக்குள்ளிருந்தே, "ரங்கராஜ், சர்வர்ல ஏதோ பிராப்ளம்" என்பார். அவர் மறந்தால் அது சர்வரின் கோளாறு.

நீங்கள் பெங்களூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து இதற்காகவே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை. என்ன நடந்தது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் நடந்தது என்பதை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

தப்பான பாஸ்வேர்டை ஐந்து தடவை அடித்தால் அந்த ஆளின் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்த ஆபீசில் அதைத் திறக்கிறவன் நான். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் பூட்டினால் காரணம் தேடவேண்டும். பெரும்பாலும் செல்போன்தான் குற்றவாளி. ஆபீசில் பாஸ்வேர்டை மாற்றியவர் போனில் மாற்ற மறந்திருப்பார். கைப்பைக்குள் கிடக்கும் போன் பழைய பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். கிடங்கு சுப்பையாவுக்கு ரொம்ப நாள் இப்படி இருந்தது. கடைசியில் பார்த்தால், பழைய போனை அவர் மாமியாருக்குக் கொடுத்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாமியார் போனை ஆன் செய்யும்போதெல்லாம் மைசூரில் மருமகன் வெளியே நின்றார். நான்தான் கண்டுபிடித்தேன். சுப்பையா எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். மாமியாரிடம் போனைத் திருப்பிக் கேட்கும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை.

போன வருஷம் மனோஜ்குமார் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பெங்களூரிலிருந்து போனிலேயே பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது. வீட்டில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, மேடம். டி.வி. ரிமோட் கெட்டால்கூட என் மகன் ஹரிப்ரசாத் யூடியூப்பைத்தான் கேட்கிறான். ஆபீசிலும் கூப்பிட ஆளில்லையென்றால், நான் எங்கே போய் உட்காருவது?

போனில் தீர்க்கமுடியாத ஒரு சிக்கல் இருந்தால் போதும் என்று தோன்றியது. சம்பளப் பிரிவில் பஞ்சவர்ணத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர் வேலை நின்றால் நம் நஞ்சன்கூடு பேக்டரி முழுவதும் சத்தம் போடும். விஷயம் மேலிடத்துக்கு எட்டும். அது ஒரு காரணம். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகாதவர் என்பது இன்னொன்று.

கிடங்கில் லேபிள் அச்சடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அந்த அறையின் சாவி என்னிடம். போய் அவர் பெயரை அடித்து, வாய்க்கு வந்ததைப் பாஸ்வேர்டாகப் போடுவேன். ஒரு தடவை அவித்த கடலை என்று போட்டேன், பசி நேரம். நான் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் போன் அடிக்கும்.

"சார், மறுக்காப் பூட்டிக்கிச்சுங்க. நான் சரியாத்தானுங்க அடிச்சேன்."

அவர் கொள்ளேகால் பக்கம். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார். நான் போய் முறைப்படி எல்லாம் செய்தேன். அவர் போனிலிருந்து ஆபீஸ் கணக்கை எடுத்துவிட்டேன். கீபோர்டை மாற்றினேன். என் முன்னால் அடிக்கச் சொல்லி, அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சரியாகத்தான் அடித்தார். நான் நெற்றியைச் சுருக்கி, "இப்ப சரியா இருக்கு" என்றேன்.

சம்பளம் இரண்டு தடவை தாமதமானதும் மனோஜ்குமார், உள்ளூரில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்று மேலே எழுதினார். என் வேலை நிலைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம் திறந்து கொடுத்தபோது பஞ்சவர்ணம், "நீங்க இல்லீன்னா நான் என்ன பண்ணுவனுங்க சார்?" என்றார். இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா, மேடம்? ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த தடவை எப்போது வரும் என்று காது காத்திருக்கும்.

பிறகொரு நாள் அவர் என் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எங்கம்மாளுக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே மறதி நோவு வந்துச்சுங்க. மொதல்ல சாவிய மறந்தாங்க. அப்பறம் அடுப்பு. கடைசீல என்னையே யாருன்னு கேட்டாங்க. எனக்கு இப்ப நாப்பத்திரண்டு. ஆரம்பிச்சிருச்சுங்களா சார்?"

எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லையே. மறுநாள் வல்லாரை லேகியம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கைக்காசு. நினைவாற்றலுக்குச் சில பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை வரும் பஸ் ஸ்டாப்புகளைத் தலைகீழாகச் சொல்லவேண்டும். ஒரு பிழைகூட இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லை" என்றேன்.

அவருடைய கணவர் சந்திரன் நம் பேக்டரியில்தான் சூப்பர்வைசர். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை கணக்கு பூட்டியிருந்தது. பஞ்சவர்ணம் டாக்டரைவிடக் கம்ப்யூட்டரை நம்பினார். படித்தவர்கள் பலரும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் பஞ்சவர்ணம் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டார், வழி மறந்துவிடுமாம். சமையலுக்குக் கூடவே ஒருவர் நிற்கவேண்டும் என்றார். சந்திரன் ஒருநாள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிரிக்கறாங்க சார். நீங்க ஒருத்தருதான் பொறுமையாப் பாக்கறீங்க" என்றார். அது உண்மை. நான் ஒரு தடவைகூட அந்த அம்மாளிடம் சலித்துக்கொண்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் பிடித்த விதம் அழகு. பஞ்சவர்ணத்தின் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, அவர் போனை அணைத்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு, அவரைத் தோசை சாப்பிடக் கூட்டிப்போய்விட்டீர்கள். எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் கிடங்குக்குப் போய்விட்டு வந்தேன். நீங்கள் திரும்பும்போது கணக்கு பூட்டியிருந்தது, பூட்டியது கிடங்குக் கம்ப்யூட்டர் என்று சர்வரே காட்டிக்கொடுத்தது. மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தர் அதே நேரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கமுடியாது என்பது இத்தனை பேருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. சிரிக்கலாம், மேடம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பஞ்சவர்ணம் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிவு செய்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். இந்த மழைக்காலத்தில் ஒரு பெண் குழந்தையை ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு வயது. பெயர் சக்தி. போட்டோவை எனக்குத்தான் முதலில் காட்டினார். ஒரு காதில் மட்டும் கம்மல் போட்டுக்கொண்டு, போட்டோ எடுப்பவரை முறைத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்கிறோமா இல்லையா என்று குறிப்பிட்ட நாளுக்குள் சொல்லவேண்டுமாம்.

கெடு முடிவதற்கு முந்தின நாளும் கணக்கு பூட்டியிருந்தது. திறந்து கொடுத்தேன். அவர் எழுந்து போகவில்லை.

"நாளைக்குச் சொல்லோணுங்க. அவரு, நீ தைரியமா இருங்கறாரு. எனக்கு முடியலீங்க. புள்ளைய பஸ்ஸுல உக்கார வெச்சுட்டு, நாம்பாட்டுக்கு எறங்கி வந்துட்டன்னா? நீங்க தினமும் பாக்கறீங்கல்ல. நீங்களே சொல்லுங்க சார். நான் புள்ள வளக்கறாப்பலயா இருக்கறேன்?"

என்னைத்தான் கேட்டார். டாக்டரை அல்ல, புருஷனை அல்ல.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய அதிர்ச்சியை அந்த நிலையில் அவர் தாங்கியிருக்க மாட்டார். அதோடு, நாற்பத்திரண்டு வயதில் குழந்தையின் பின்னால் ஓடுவது லேசான காரியமா? அந்தக் குழந்தைக்கும் வேறு நல்ல வீடு கிடைக்காமலா போய்விடும்?

"உங்க உடம்புதான் முக்கியம். அவசரப்படவேண்டாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். போட்டோவைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்கு வந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியவில்லை, மேடம். மத்தியானம் கிடங்குக்குப் போய் அவர் கணக்கைப் பூட்டிவிட்டு வந்தேன். அப்போதாவது எழுந்து என்னிடம் வருவார், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாமே என்றுதான்.