நழுவுகிற ரெண்டாவது கியர்

முருகேஷ்: போன் லைட்ட இந்தப் பக்கம் காட்டுங்க டீச்சர்… என் மூஞ்சில இல்லீங்க, கியர் ராடு மேல!

கோகிலவாணி: காட்டிட்டுத்தான இருக்கேன். மேல்மூடியக் கழட்ட இவ்ளோ நேரமா?

முருகேஷ்: நமக்கெல்லாம் மூத்த ஜீப்புங்க இது. பதமாத்தான்…

கோகிலவாணி: நேத்து ஏரியூர் ரோட்டுல பள்ளத்துல எறக்குனீங்களே, அப்ப எங்க போச்சு பதம்?

முருகேஷ்: அது… சரி வுடுங்க. லீவு நாளும் அதுவுமா வந்து, இத இன்னிக்கே சரி பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கறீங்களே, ஏனுங்க?

கோகிலவாணி: பின்ன? மலை எறக்கத்துல ரெண்டாவது கியர் நழுவுது. தெனமும் ஸ்கூல் விட்டு வர்றப்ப முன்சீட்ல ஒக்காந்து ராட அமுக்கிப் பிடிக்கறது நானு. நான் போயிட்டா யாரு பிடிப்பா?

முருகேஷ்: போயிட்டா… எங்க?

கோகிலவாணி: பாப்பாரப்பட்டி ஸ்கூலுக்கு மாத்தல் வந்திருக்கு. வேணுமா வேண்டாமான்னு சாயந்தரத்துக்குள்ள ஹெச்செம்முக்குச் சொல்லணும்.

முருகேஷ்: சாயந்தரத்துக்குள்ளயா…

கோகிலவாணி: என்ன, ஸ்பேனர் கீழ வுழுந்துடுச்சு?

முருகேஷ்: கை எண்ணெய்ங்க. வழுக்குது… பாப்பாரப்பட்டின்னா உங்க வூட்டுக்குப் பக்கம். நல்லதுதான.

கோகிலவாணி: நடந்தே போயிரலாம்.

முருகேஷ்: ராடப் பிடிக்க, சந்தைக்கு வர்ற ராமக்காளக்கா இருக்குதுங்க. நீங்க கவலப்படாம…

கோகிலவாணி: ஆமாமா! நான் லீவு போட்ட அன்னிக்கு அக்கா தூங்கி உங்க தோள்மேல சாஞ்சிருச்சாமே. ஊரே சிரிக்குது.

முருகேஷ்: தக்காளிக் கூடையோட சாஞ்சிருச்சுங்க!

கோகிலவாணி: அப்ப மட்டும் கியர் நழுவலையாக்கும்?

முருகேஷ்: அன்னிக்கு… பாரம் கம்மிங்க.

கோகிலவாணி: ஓ.

முருகேஷ்: அந்தத் துணிய எடுத்து ஓட்டைய மூடுங்க. போல்ட்டு உள்ள வுழுந்தா பெட்டியவே எறக்கணும்.

கோகிலவாணி: மூடிட்டேன். அதென்ன, மூடிக்குள்ள குண்டு மாதிரி?

முருகேஷ்: குண்டுதாங்க. அதுக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது தளந்து போனா, குண்டு ராட அமுக்காது. கியர் நழுவிரும்.

கோகிலவாணி: எங்க, ஸ்பிரிங்கக் காட்டுங்க… இது தளந்ததா? புத்தம்புதுசாட்டம் இருக்கு.

முருகேஷ்: எண்ணெய்ல ஊறிக் கெடக்குதுல்லீங்க… அப்படித்தான் மின்னும்.

கோகிலவாணி: முருகேஷ்.

முருகேஷ்: சொல்லுங்க.

கோகிலவாணி: ஸ்பிரிங்கப் பாத்து இல்ல. என்னப் பாத்துச் சொல்லுங்க.

முருகேஷ்: … மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாலயே மாத்திட்டேங்க. தர்மபுரியில பழைய சாமான் கடை கடையா ஏறி எறங்கி வாங்கியாந்தேன். அதுக்கப்புறம் கியர் நழுவவே இல்ல.

கோகிலவாணி: அப்ப இத்தன நாளா என்னப் பிடிக்க வச்சது எதுக்கு?

முருகேஷ்: சொன்னா நீங்க பின்சீட்டுக்குப் போயிருவீங்கன்னுதான்… தப்புதாங்க. பெரிய தப்பு. மாத்தல வாங்கிக்கிட்டு நிம்மதியா…

கோகிலவாணி: நிம்மதியா?

முருகேஷ்: இல்லீங்க. போவாதீங்க. நீங்க பக்கத்துல இல்லாம அந்த எறக்கத்துல வண்டி ஓட்ட எனக்கு மனசு வராது. அம்புட்டுத்தான். சொல்லிட்டேன்.

கோகிலவாணி: யப்பா… இந்த ஒரு வார்த்தைக்கு நான் கியர்பாக்ஸயே பிரிக்க வைக்க வேண்டியிருந்துச்சு!

முருகேஷ்: டீச்சர்?

கோகிலவாணி: இருங்க, போன் பேசிக்கறேன்… ஹலோ, சார், கோகிலவாணி பேசறேன். மாத்தல் வேண்டாங்க சார். மலை ஸ்கூல்லயே இருந்துக்கறேன்… இல்லீங்க சார், ஜீப்பு நல்லாத்தான் ஓடுது… சரிங்க சார், வச்சிடறேன்.

முருகேஷ்: ஜீப்பு நல்லா ஓடுதா? அப்ப… கியர் சரியானது உங்களுக்கு…

கோகிலவாணி: பண்டிகை முடிஞ்சு வந்த மொத நாளே, எறக்கத்துல மெதுவா கைய எடுத்துப் பாத்தேன். நழுவல. திரும்பவும் வச்சுக்கிட்டேன்.