ஒன்பது நிமிஷச் சாட்சி

இல்ல சிஸ்டர், இன்னும் நேரம் ஆகும். உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க. பாஸ்டர் ஒருத்தருக்கு ஜெபம் பண்ண ஆரம்பிச்சா கடிகாரத்தப் பாக்கவே மாட்டார். உக்காருங்க. புள்ளைய மடியிலயே வெச்சிருந்தா கை மரத்துப்போயிடும். இந்த ரெண்டு நாற்காலிய சேத்துப் போடறேன், படுக்க வைங்க. தலைக்கு உங்க பைய வைங்க. ஆங், அப்படித்தான். எத்தன வயசு? ஏழா? பாத்தா அஞ்சுதான் சொல்லலாம். ஃபிட்ஸ் வர்ற புள்ளன்னு தெரியும். நீங்க ஃபோன்ல சொன்னத ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காங்க.

நானா? ஊழியக்காரன்லாம் இல்ல சிஸ்டர், வெறும் கேமராக்காரன். சபைக்கு வீடியோ எடுக்கறது, வெட்டறது, ஒட்டறது, சேனல்ல ஏத்தறது எல்லாம் என் தலையிலதான். முன்னாடி கல்யாண வீடியோ எடுத்துட்டிருந்தேன். பெருசா வித்தியாசம் இல்ல. அங்கயும் அழறப்ப கிட்டத்துல போகணும், இங்கயும் அழறப்ப கிட்டத்துல போகணும்.

நீங்களும் அந்தச் சாட்சி வீடியோவப் பாத்துட்டுதான வந்தீங்க? நீல ஸ்வெட்டர் போட்ட அக்கா, பேசிட்டே இருக்கும்போது குரல் உடைஞ்சு கண்ணாடியக் கழட்டுவாங்களே, அதுதான? கேட்டுட்டே சமைச்சீங்களா? ரெண்டு தடவ பாத்தீங்களா? ம். இங்க உக்கார்றவங்கள்ல பாதிப் பேர் அதப் பாத்துட்டு வந்தவங்கதான். போன மாசம் ஒரு பெரியவர் வந்தார், சர்க்கரை ஊசிய விட்டுட்டு வந்திருக்கேன்னு பெருமையா சொன்னார். அடுத்த வாரமும் வரேன்னார். வரல. வராததுக்கு நூறு காரணம் இருக்கும், நாம கெட்டதயே நெனைக்கக் கூடாது.

மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க?

வியாழக்கிழமையா. இன்னிக்குத் திங்கள். யார் நிறுத்தச் சொன்னா? இல்ல, சும்மாதான் கேக்கறேன். யாரும் சொல்லலைல? அதான் சிஸ்டர். இங்க யாருமே சொல்ல மாட்டாங்க. பாஸ்டர் ஒரு நாளும் மாத்திரைய நிறுத்துன்னு சொன்னதில்ல. நிறுத்தாதன்னும் சொன்னதில்ல.

உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரியாதா... சரி சரி, கண்ணத் தொடைங்க. நான் கேட்டிருக்கக் கூடாது.

சாட்சி எப்படி எடுப்போம்னு சொல்றேன், நேரமும் போகும். முந்தியெல்லாம் ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு பேசுவாங்க. ஒரு மாமா இருந்தார், பித்தப்பைல கல்லு கரைஞ்ச சாட்சி. அவர் பொறந்ததுலருந்து ஆரம்பிச்சார். பள்ளிக்கூடம் சேந்தார், வேலை கெடைச்சுது, மச்சான்கூட சண்ட போட்டார், காணிக்கப் பாட்டு முடிஞ்சே போச்சு, கல்லு மட்டும் இன்னும் வரல. சிரிக்காதீங்க, நெஜமா. அதுக்கப்புறம்தான் பாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். மூணு நிமிஷம். அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க தம்பி, வெட்டிடு. வியாதி ஒரு நிமிஷம், ஜெபம் ஒரு நிமிஷம், சுகம் ஒரு நிமிஷம். பின்னாடி லேசா பியானோ.

அந்த நீல ஸ்வெட்டர் அக்கா ஒம்பது நிமிஷம் பேசினாங்க.

பொய்யான்னு கேக்கறீங்களா? சத்தியமா இல்ல. ஒரு வார்த்த பொய் இல்ல. பதினோரு மாசம் ஒரு தடவகூட ஃபிட்ஸ் வரல அவங்களுக்கு. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு தடவ விழுவாங்க, நெத்தியில தழும்பு இருக்கும், நல்லாப் பாத்தா வீடியோலயே தெரியும். ஜெபத்துல எனக்கு நம்பிக்கை இல்லன்னு நெனச்சுடாதீங்க. கர்த்தர்தான் சுகம் குடுத்தார். மாத்திரை வழியாக் குடுத்தா அது அவர் குடுத்தது இல்லன்னு ஆயிடுமா?

வெட்டின ஆறு நிமிஷத்துல என்ன இருந்துச்சா? கண்டதும் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு எத்தன பஸ் மாறணும், டாக்டரம்மாவுக்கு எவ்வளவு பொறுமை, நாத்தனார் சொன்ன ஒரு சொல்லு, இப்படி. நடுவுல ஒரு வரி. இப்பவும் மாத்திரைய ஒரு வேளைகூட விடறதில்ல, அதுவும் கர்த்தர் குடுத்த ஈவுதான், அப்படின்னு ஒரு வரி. சொல்லி முடிக்கறதுக்கு எட்டு நொடி. ஆனா அந்த எடத்துல அவங்க இருமிட்டாங்க. குரல் சரியா விழல. அழுகை அதுக்கு அடுத்தாப்ல வருது. அந்த வரிய எடுத்துட்டா ஜெபத்துலருந்து நேரா அழுகைக்குப் போயிடலாம், நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன். கெட்ட எண்ணம்லாம் இல்ல சிஸ்டர், அப்ப அது எனக்கு ஒரு இருமல், அவ்வளவுதான்.

புள்ள உதட்டச் சப்புக்கொட்டுதே, தூக்கத்துல எப்பவும் இப்படிச் செய்யுமா? எப்பயாச்சுமா. சரி. கழுத்துப் பட்டனக் கொஞ்சம் தளத்தி விடுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, பெரிய திரையில போட்டோம். சபையே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. அந்த அக்காவும் முதல் வரிசைல உக்காந்து தன்னையே பாத்தாங்க. மாத்திரை இல்லாத அக்காவ. அன்னிக்கு வீட்டுக்குப் போறதுக்குள்ள நாப்பது பேர் கையப் புடிச்சு அழுதிருப்பாங்க. கைக்கொழந்தையக் கொண்டாந்து தொடச் சொன்னாங்க. மருந்துக்கடை வெச்சிருக்கறவர் சம்சாரம் நம்ம பாடகர் குழுவுல இருக்கு, அது ஓடி வந்து, அக்கா இனிமே எங்க கடைப்பக்கம் உங்களுக்கு வேலையே இல்லன்னு கட்டிப்புடிச்சுது. யோசிச்சுப் பாருங்க, மறுநாள் அதே கடைல போய் எப்படிச் சீட்ட நீட்டறது?

கொஞ்ச நாள் அவங்க வீட்டுக்காரர் நாலு தெரு தள்ளிப் போய் வாங்கிட்டு வந்தார். திருட்டுப் பொருள் மாதிரி சட்டைக்குள்ள வெச்சு. ஒரு நாள் பாத்தா, போன தடவ வாங்கினதே பிரிக்காம இருக்கு. என்ன இதுன்னு கேட்டிருக்கார். அந்த அக்கா நிதானமா சொல்லியிருக்காங்க, திரையில ஒருத்தி, வீட்டுல ஒருத்தியா என்ன வாழச் சொல்றீங்களான்னு. அவர் சாப்புடாமப் படுத்துட்டார். காலையில வேலைக்குக் கிளம்பிட்டார்.

பாக்கணுமா? அந்த அக்காவையா? புள்ள தலைல கை வைக்கச் சொல்லணுமா...

வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லணும் சிஸ்டர். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க. யார் ஃபோன் பண்ணிக் கேட்டாலும் வெளியூர்.

மாத்திரைய விட்டுப் பதினெட்டாம் நாள். காலைல பத்து மணி. தொட்டியில தண்ணியத் திறந்துவிட்டுத் துணி அலச உக்காந்திருக்காங்க. ஃபிட்ஸ் வந்து மொகம் தொட்டிக்குள்ள போயிடுச்சு. எடுக்க ஆள் இல்ல. கொழாய் பாட்டுக்கு ஓடிட்டே இருந்திருக்கு. கீழ் வீட்டுக்காரங்க கூரை ஒழுகுதுன்னு சண்ட போடத்தான் மாடி ஏறினாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு.

உக்காருங்க, உக்காருங்க. சத்தம் போடாதீங்க. உள்ள கேக்கும்.

பாஸ்டர் கெட்டவர் இல்ல. கல்லறையில அவர் அழுதது நடிப்பில்ல. ஆனா வீடியோவ எடுத்துடலாமான்னு கேட்டப்ப தோள்ல கை வெச்சுட்டார். தம்பி, அந்தப் பொண்ணு சொன்னதுல ஒரு வார்த்த பொய் உண்டா? இல்லயே. எத்தன ஆத்துமா அதனால வந்திருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். இருக்கு. ராத்திரி பகல்னு ஓடிட்டே இருக்கு. அந்த வரியத் திருப்பிச் சேத்துடலாம், எங்கிட்ட இருக்கு, பத்து நிமிஷ வேலை. சேத்தா எவன் வெட்டினான்னு ஊர் கேக்கும். அதனால நானும் கையக் கட்டிட்டேன். அவர மட்டும் சொல்லி என்ன பண்ண.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இன்னிக்கு என்ன எதுக்கு வரச் சொன்னாங்கன்னு நெனைக்கறீங்க? உங்க புள்ளைக்காகத்தான். சின்னப் புள்ள சாட்சி இதுவரைக்கும் நம்ம சேனல்ல இல்ல. உள்ள வெளக்குப் போட்டு, ஸ்டாண்டுல கேமரா மாட்டியாச்சு. ஜெபத்துக்கு முன்னாடி இப்படி வெளியில வெச்சு ரெண்டு நிமிஷம் எடுத்துக்கோன்னு சொன்னாங்க. அம்மா மொகமும், புள்ள படுத்திருக்கறதும். அப்பத்தான் பின்னாடி சுகமானதக் காட்டும்போது எடுப்பா இருக்குமாம். நான் எடுக்கல. கேட்டா எடுத்தாச்சுன்னு பொய் சொல்லிக்கலாம்னு உக்காந்திருக்கேன்.

பல்லக் கடிக்குது பாருங்க. அது தூக்கமில்ல சிஸ்டர். எனக்குத் தெரியும். பன்னெண்டு வருஷம் பக்கத்துல படுத்துப் பாத்திருக்கேன்.

யாரு? அந்த அக்கா வீட்டுக்காரரா? அவருக்கென்ன, அடக்கம் முடிஞ்ச எட்டாம் நாளே வேலைக்கு வந்துட்டார். சபையில வீடியோ எடுக்க வேற ஆள் கிடையாது.

எந்திரிங்க. உள்ள உங்க நம்பரத்தான் கூப்புடறாங்க, கூப்புடட்டும். நான் புள்ளையத் தூக்கிக்கறேன், நீங்க பைய எடுங்க. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளிதான், ஓடினா அஞ்சு நிமிஷம். அங்க கேட்டா நாலு நாளா மாத்திரை குடுக்கலன்னு மறைக்காமச் சொல்லணும், என்ன?

அந்தக் கதவு இல்ல சிஸ்டர். வாசப்பக்கம்.