காட்டூர் வீட்டில் யார்?

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வயதான தம்பதி. கணவர் துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் அந்த அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"வரப்போற மாப்பிள்ளை பின்னாடி யாராவது ஒளிஞ்சு போவாங்களா?"

"தினம் சாயங்காலம் காட்டூர்ல ஒரு வீட்டுக்குப் போறான். எதுக்குன்னு தெரிய வேண்டாமா?"

"ரிட்டயர் ஆனதுலேருந்து இந்தக் கண்றாவியைப் படிச்சுப் படிச்சு நீங்களே டிடெக்டிவ் ஆயிட்டீங்க. தொப்பி வேற!"

"வெயிலுக்குப் போட்டேன்."

"ஆறு மணிக்கு என்ன வெயில்? அந்தப் பையன் பார்த்துட்டானா?"

"பார்த்துட்டான். 'உள்ள வாங்க மாமா'ன்னான்."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மானம் போச்சு. கல்யாணம் நின்னா நம்ம பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?"

திருவானைக்காவலில் பாதிக் கூட்டம் இறங்கியது. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள யாரு இருந்தாங்க?"

"அவன் அப்பா."

"அவர் செத்துப்போயிட்டார்னு அவங்கம்மா சொன்னாங்களே?"

"பிரிஞ்சு போனவராம். இப்போ கை கால் வராம படுக்கையில கிடக்கார். அம்மாவுக்குத் தெரியாம இவன்தான் தினம் போய்ச் சோறு ஊட்டிட்டு வரான். 'உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா'ன்னு அழுதுட்டான்."

அந்த அம்மா பிடுங்கிய நாவலைத் திரும்ப அவர் மடியில் வைத்தார்.

"பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சா?"

"நாளைக்குத்தான்."

"அவர் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு எழுதியிருக்கோம். அதை எடுத்துட்டுக் கொடுங்க. அவங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."