அச்சகத்துக்காரர் வார்டுக்குப் போன கதை

ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்... கேன்டீன்காரங்க முன்வரிசையில சாவகாசமா சாஞ்சு உட்கார்ந்திருக்கீங்க. சிரிக்காதீங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான்!

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நானூறு படுக்கை. அதுக்குள்ளேயே, கீழ்த்தளத்துல, சொந்தமா ஒரு அச்சகம். நோயாளி விவரம் எழுதுற கேஸ் ஷீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் அங்கதான் அச்சாகும். பொறுப்பாளர் பேரு அருமைநாயகம். வேலையில சுத்தம். ஆனா வாய்? "அண்ணே, சீட்டு தீர்ந்துபோச்சு"ன்னு யாராவது வந்தா, "எழுதி வச்சுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்"பார். ஏன் சொல்ல மாட்டார்? இவங்க வேற எங்க போயிடுவாங்க!

போனாங்கய்யா! எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாங்க. ஒவ்வொரு வார்டுக்காரங்களா நழுவிப் போனாங்க. ஒருநாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். "அருமைநாயகம், இந்த மாசத்தோட அச்சகத்தை மூடிடலாம்னு இருக்கோம். உங்க ஆறு பேருக்கும் வேற வேலை... பார்க்கலாம்." 'பார்க்கலாம்'னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?

என்ன பண்ணார்? மனு எழுதினாரா? யூனியனுக்கு ஓடினாரா? ஒரு கட்டு கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கிட்டு, நேரா குழந்தைகள் வார்டுக்குப் போனார். பதினோரு வருஷத்துல... முதல் தடவை!

அங்க தலைமை நர்ஸ் பிலோமினா, ஒவ்வொரு ஷீட்டு ஓரத்துலயும் சிவப்புப் பேனாவால எழுதிக்கிட்டிருக்காங்க.

"என்ன சிஸ்டர், நான் அடிச்ச ஷீட்டுல கிறுக்குறீங்க?"

"கிறுக்கலைங்க. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுத நீங்க இடமே விடலியே! பெரியவங்க ஷீட்டையே பிள்ளைங்களுக்கும் அனுப்புறீங்க. இதோ பாருங்க, 'தொழில்'னு ஒரு கட்டம். இவனுக்கு வயசு எட்டு மாசம். என்ன தொழில்னு எழுத?"

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"மூணு தடவை ஆள் அனுப்பினேன். பத்து நாள் ஆகும்னீங்களாம்."

மனுஷன் கூனிக் குறுகிப் போயிட்டார். கீழ ஓடினார். மத்தியானம் புதுசா ஒரு ஷீட்டோட வந்தார். "கட்டம் சின்னது"ன்னாங்க. மறுபடி ஓடினார். "சரி, ஆனா மேல வைங்க. எடுத்ததும் கண்ணுல படணும்." மறுபடி ஓட்டம்! சாயங்காலம் மூணாவது ஷீட்டு வந்துச்சு. மருந்துக் கட்டம் உச்சியில, பளிச்சுன்னு. தொழில் கட்டம்? போயே போச்சு!

மறுநாள் பிரசவ வார்டுல இருந்து கூப்பிட்டாங்க. அப்புறம் எலும்பு முறிவு வார்டு. மாசக் கடைசியில அதிகாரி எல்லா வார்டுக்காரங்களையும் உட்கார வச்சு, "மூடிடலாமா?"ன்னார். பிலோமினா சிஸ்டர் எழுந்தாங்க. "தாராளமா மூடுங்க சார். ஆனா வெளிக் கடைக்காரர் ஒரே நாள்ல மூணு தடவை மாடி ஏறி என்கிட்ட வருவாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரி மூடுற உத்தரவை அங்கேயே கிழிச்சுப் போட்டார். அச்சகம் இன்னைக்கும் ஓடுது.

இப்ப உங்களைக் கேக்குறேன்... ஸ்டோர், எலக்ட்ரிக்கல், கேன்டீன், எல்லாரையும்தான். நம்மகிட்ட வர்றவங்க, நம்ம வேலை பிடிச்சு வர்றாங்களா... இல்ல, வேற போக்கிடம் இல்லாம வர்றாங்களா? அருமைநாயகம் மெஷினை மாத்தலை, ஆளை மாத்தலை. நாற்காலியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான்! நாளைக்குக் காலையில நீங்களும் எழுந்து போய், "என் வேலையால உங்களுக்கு என்ன சிரமம்?"னு கேளுங்கய்யா. அதிகாரி கூப்பிட்டு 'பார்க்கலாம்'னு சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க!