நிற்காமல் ஓடிய ஏழு நாட்கள்

ஏசி மெக்கானிக் என்றால் நாள் முழுக்க ஜில்லென்று இருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் சார். குளிராத வீட்டுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்படிப் போன ஒரு வீட்டில்தான் இது ஆரம்பித்தது. ஒரு பையனின் அறை. கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. இரும்பு அலமாரி நிறைய மெஷின்கள், ஆலை மாதிரி இரைச்சல். "என்ன தம்பி, மிக்ஸி கடை வைக்கப்போறியா?" என்றேன்.

"கிரிப்டோ அண்ணே. இதுங்க பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், காயின் வந்துக்கிட்டே இருக்கும். நாம சும்மா இருந்தா போதும்."

இருபத்திரண்டு வருஷமாக ஏணியில் தொங்குகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அந்த வாரமே பழைய மெஷின் மூன்று வாங்கினேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன். கணக்கைத் திறக்கப் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் கொடுத்தார்கள். குளிக்கும்போது அவற்றை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பக்தி வந்துவிட்டது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள்.

முதல் காயின் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுக் காயின் இல்லை, அதில் ஒரு துணுக்கு. புள்ளிக்கு அப்புறம் ஆறு சைபர், கடைசியில் ஒரு நான்கு. ஓடிப்போய் மாமாவிடம் காட்டினேன். என் மனைவியின் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின். அது நின்றால் பத்து நிமிஷம் தாங்குவார், அதற்கு மேல் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

மாமா போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இத்தனை சைபரா? பள்ளிக்கூடத்துல நான் வாங்குனதைவிட ஜாஸ்தியா இருக்கே மாப்பிள்ளை." சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் என் பெயர் 'புதுசு'. ஏழு நாள் ஒரு நொடிகூட நிற்காமல் மெஷினை ஓட்டித் திரையைப் படம் பிடித்துப் போட்டால்தான் அந்தப் பெயரை எடுப்பார்கள். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு நான்கு முறை நின்றது. "புதுசு மறுபடி புதுசாயிடுச்சு" என்று பல்லைக் காட்டினார்கள். நேற்று மீசை முளைத்த பயல்கள் சார். ஐம்பது வயசில் மானம் கப்பலேறியது.

காரணம் எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதானே. மூன்று மெஷின், அவை சூடாகாமல் இருக்க ஒரு ஏசி, மாமாவின் ஆக்சிஜன் மெஷின் எல்லாம் ஒரே லைனில். மதிய வெயில் ஏறினால் மெயின் சுவிட்ச் தாங்காமல் விழுந்துவிடும். எனவே ஐந்தாவது முறை, மதியத்தில் மட்டும், மாமாவுடையதை ஐந்து நிமிஷம் அணைத்துப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கினார், அவ்வளவுதான். அடுத்த நாள் ஏழு நிமிஷம். நின்றால் அந்த மெஷின் கீ கீ என்று கத்தும். எனக்குத் தலைவலி வந்தது. திறந்து, கத்துகிற ஒயரைக் கழற்றிவிட்டேன்.

மாமா மகளிடம் சொன்னார்: "நின்னு நின்னு ஓடுதும்மா."

"கரண்ட் சரியில்ல. தெரு முழுக்க இப்படித்தான்" என்றேன்.

"எது எக்கேடு கெட்டாலும் கெடட்டும், அப்பா மெஷினை மட்டும் பாத்துக்கோங்க. உங்கள நம்பித்தான் வேலைக்குப் போறேன்" என்றாள். மருந்துக்கடையில் பில் போடுகிறாள். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். போகுமுன் ஆக்சிஜன் மெஷினில் உள்ள சின்ன மீட்டரைப் பார்த்து, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காலண்டரில் குறிப்பாள். ஃபில்டர் மாற்ற அது வேண்டுமாம். நான் அதைக் கவனித்ததே இல்லை.

ஏழாவது நாள் மதியம் வெயில் பிளந்தது. இன்னும் நாற்பது நிமிஷம்தான் பாக்கி. மெயின் சுவிட்சைத் தொட்டேன், கை சுட்டது. மாமாவுடையதை அணைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்திருக்கலாமே என்கிறீர்கள். அதில் பால் இருந்தது. மூலையில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது, உண்மைதான். திறக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அதன் சீல் உடைந்திருந்தால் சாயங்காலம் அவள் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

நான் பக்கத்து அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம் முடிந்தது. படம் எடுத்துப் போட்டேன். மளமளவென்று கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன. 'புதுசு' என்ற பெயரை எடுத்துவிட்டு 'அண்ணாச்சி' என்று போட்டார்கள். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை சார். அப்புறம் போய் மாமாவின் மெஷினைப் போட்டேன். நழுவியிருந்த குழாயை மூக்கில் சரியாக வைத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். அக்கறை இல்லாதவன் அதையெல்லாம் செய்யமாட்டான்.

ஒரு மணி நேரம் கரண்ட் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அழுதாள், நம்பினாள். மாமாவின் பத்தாம் நாள் காரியம் முடிந்து, வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது, மீட்டரையும் காலண்டரையும் பார்த்திருக்கிறாள். ஓடிய நேரம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் குறைந்தது. கரண்ட் போனால் குறையத்தானே செய்யும் என்றேன். அவள் என் போனை எடுத்தாள். ஏழு நாளாக ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று நானே பீற்றிக்கொண்டு போட்ட படம் அதில் இருந்தது, அதே தேதி, அதே மதியம். அதைத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாள்.

அவள் மேலும் எனக்குக் கோபமில்லை. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். மாமாவுக்குக் கத்த மூச்சு இல்லை. சுவரில் தட்டினார். முதலில் வேகமாக, அப்புறம் விட்டுவிட்டு. பதினோரு முறை. எண்ணினேன். தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை என்று அவளிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.