வலப்பக்கமிருந்து கட்டிய நாவல்

அவைத்தலைவர் வெங்கிடராமன் அவர்களே, மட்டாஞ்சேரித் தமிழ்ப் பெருமக்களே, சாயாக் கடையைச் சாத்திவிட்டு வந்த சான்றோர்களே, மழையை மதியாமல் வந்த தாய்மார்களே, இன்று பரிசு பெறும் பெருங்கலைஞர் அனந்தநாராயணன் அவர்களே, எல்லோருக்கும் முதலில் என் நன்றி.

சிரிக்கிறீர்கள். வணக்கம் எங்கே என்கிறீர்கள். வரும், பொறுங்கள்.

காலத்தைத் தலைகீழாக்கிய கதைசொல்லி என்று முன்னே பேசியவர்கள் இவரைப் புகழ்ந்தார்கள். சாவில் தொடங்கிச் சந்திப்பில் முடியும் நான்கு நாவல்கள்! இந்த நூதனப் பாணி எங்கே பிறந்தது? பாரிசிலா? கல்கத்தாவிலா? இதோ, பக்கத்துக் கொச்சங்காடியில், என் தையல் ஊசியில் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் மறைத்ததை இன்று சொல்கிறேன். பரிசைத் திரும்பக் கேட்பார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

ராமபத்ரனாகிய நான் புத்தகம் கட்டுகிறவன். எழுபத்து நான்காம் ஆண்டில், இஞ்சிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த இவர், அச்சான தாள்களைச் சுமந்து வந்தார். முதல் நாவல். படகுத்துறையில் ஒருத்தியைக் கண்டதில் தொடங்கி, அவள் இறந்ததில் முடியும் கதை. அத்தியாயத்துக்கும் எண் இல்லை, பக்கத்துக்கும் எண் இல்லை; அந்தப் பிடிவாதம் அன்றே உண்டு. எனக்கோ தமிழ் பேச வரும், வாசிக்க வராது. படித்தது மலையாளம். அந்த மாதம் முழுக்க யூதத் தெருவின் ஜெபப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். வலமிருந்து இடமாக எழுதும் மொழி; அவை வலப்பக்கமிருந்து திறப்பவை. பழகிய கை பழகியபடி அடுக்கியது. அத்தியாயத்துக்கு ஒரு மடிப்பாக, பதினோரு அத்தியாயங்களும் கடைசியிலிருந்து முதலாக ஏறி உட்கார்ந்துவிட்டன. நூறு பிரதிகள்!

இவர் வந்து அட்டையைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே மரணம் என்றார். எனக்கு உயிரே போயிற்று. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். இவர் பசை காயும் பலகையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். காயல் நீரில் வெயில் சாய்ந்தது. காற்றில் கிராம்பு மணந்தது. கப்பலொன்று சத்தமில்லாமல் கடந்தது. இவரோ பின்னோக்கி, பின்னோக்கி, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். நோய் நீங்கியது. நரை நீங்கியது. போட்ட சண்டையெல்லாம் போடாததாயிற்று. கடைசித் தாளில், படகுத்துறையில், நனைந்த குடையை உதறியபடி கமலாக்ஷி நின்றாள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இவர் பறிகொடுத்த மனைவி.

"பிரிக்க வேண்டாம் ராமபத்ரா," என்றார். "இதுல கடைசியா அவ இருக்கா."

தாய்மார்கள் பக்கம் கண் துடைக்கிறீர்கள். நானும் அன்று அழுதேன்.

தவறியது என் கை, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவறுக்குள் குடியேறத் துணிந்தது யார்? பின்வந்த மூன்று நாவல்களையும் அதே வழியில் நடத்திச் சென்றது யார்? அதோ, தலையாட்டிச் சிரிக்கிறார். இனி எனக்குப் பயமில்லை. நான் தமிழ் எழுத்துக் கற்றதே அந்தக் கடைசித் தாளை வாசிக்கத்தான்.

இவர் பாணியிலேயே முடிக்கிறேன். நன்றி சொல்லியாயிற்று, பிரிவும் பேசியாயிற்று. மிச்சமிருப்பது சந்திப்பு. தாய்மார்களே, சான்றோர்களே, தலைவர் அவர்களே, அனந்தநாராயணன் ஸாரே, உங்களையெல்லாம் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வணக்கம்.